அத்தியாயம் 6: வராந்தாவில் ஒரு ஸ்கோப்

விலை குறைந்த ஸ்கோப் ஒன்று கைக்கு வந்ததும் எல்லாரும் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். பெட்டியைப் பிரித்து, கண்ணில் வைத்து, தூரத்தில் எது தெரிகிறதோ அதைப் பார்த்து, "அடேயப்பா, பளிச்சுன்னு இருக்கே!" என்பார்கள். ஈப்போவில் தூரத்தில் தெரிவது பெரும்பாலும் ஒரு சுண்ணாம்புக்கல் மலையாக இருக்கும். நானும் புந்தோங் வீட்டு வராந்தாவில் நின்று அப்படித்தான் பார்த்தேன். பாறை வெடிப்பில் முளைத்திருந்த செடியின் இலைகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் ஏர் ரைபிளை வைத்துக்கொண்டு யாரும் மலையைக் குறிபார்க்கப் போவதில்லை. நம் குறி பத்து மீட்டரில் ஒட்டியிருக்கும் ஓர் அட்டை. மிஞ்சிப் போனால் முப்பது, முப்பத்தைந்து மீட்டரில் நிற்கும் தகடு. மலையை அழகாகக் காட்டிய ஸ்கோப் பத்து மீட்டர் அட்டையைக் கேமரன் மலைப் பனிக்குள் வைத்துக் காட்டலாம். நான் முதன்முதலில் வாங்கியது அப்படித்தான் காட்டியது.

அதனால் இந்த அத்தியாயத்தில் மலையைப் பார்க்கப் போவதில்லை. மலிவு ஸ்கோப்பில் கண்ணாடி கடைசியாகச் சோதிக்க வேண்டிய சங்கதி. முதலில் சோதிக்க வேண்டியது திருகு. அதற்கடுத்து, அது கிட்டத்தில் எப்படி நடந்துகொள்கிறது என்பது. 200 வெள்ளிக்குள் கிடைக்கும் ஸ்கோப்பிலும் இப்போது கண்ணாடி ஓரளவு நன்றாகவே இருக்கிறது. உள்ளே இருக்கும் சின்னத் திருகாணியையும் ஸ்பிரிங்கையும் நேர்த்தியாகக் கடைந்து பொருத்தத்தான் காசு செலவாகும். மிச்சம் பிடிப்பவர்கள் அங்கேதான் பிடிப்பார்கள்.

ஏன் துப்பாக்கி இல்லாமல்?

இங்கே சொல்லும் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குத் துப்பாக்கி வேண்டாம். ஒரு காரணம் வசதி. இன்னொரு காரணம் சட்டம், அதுதான் பெரியது.

மலேசியாவில் காற்றுத் துப்பாக்கி விளையாட்டுச் சாமான் கிடையாது. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் ஏர் கன், ஏர் பிஸ்டல் இரண்டையும் பெயர் சொல்லியே 'ஆயுதம்' என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் குற்றம். தமிழ்நாட்டு உறவினர் யாராவது வீடியோ அனுப்பி, "மாமா, இங்கே லைசென்ஸே வேண்டாம், நீங்களும் ஒண்ணு வாங்குங்க" என்பார்கள். இந்தியாவில் 4.5 மி.மீ. குழாயும் 20 ஜூலுக்கு மேற்படாத ஆற்றலும் கொண்ட ரைபிளுக்கு அந்தச் சலுகை உண்டு. இங்கிலாந்தில் எல்லை 12 அடி-பவுண்டு, ஏறக்குறைய 16 ஜூல். அந்தக் கணக்கு எதுவும் ஈப்போவில் செல்லாது.

பேராக்கில் தோட்டத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் எல்பில் தோட்டத்துத் துரையும், பக்கத்துத் தோட்டத்தில் இன்னும் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்துத்தான் மலாயாவில் அவசரகாலம் வந்தது. அதன் பிறகு கையில் ஆயுதம் இருந்ததே தூக்குக்குப் போதுமான குற்றமானது. தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி ஒரு ரிவால்வர் வைத்திருந்ததாகச் சொல்லப்பட்ட வழக்கில் 1949 மே 4-ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவசரகாலம் முடிவுக்கு வந்தது 1960 ஜூலை 31. ஆயுதச் சட்டமும் அதே ஆண்டினுடையது. நம் ஊரில் துப்பாக்கி என்றதும் வீட்டுப் பெண்கள் முகம் மாறுவது சும்மா இல்லை.

ஆகவே நடைமுறை இதுதான்: உரிமம் உள்ள ரைபிள் சங்கத்தின் சுடுதளத்தில் இருக்கும், ஸ்கோப் மட்டும் உங்கள் வீட்டு மேசையில் இருக்கும். வெளிநாட்டிலிருந்து ஸ்கோப் தருவிக்கும் எண்ணம் இருந்தால், காசு கட்டுவதற்கு முன் மாவட்டக் காவல் தலைமையகத்தில் ஆயுத உரிமப் பிரிவைக் கேட்டுக்கொள்ளுங்கள். சுங்கத்தில் பெட்டி மாட்டிக்கொண்ட பிறகு கேட்பது வீண் அலைச்சல். பழைய ரப்பர்த் தோட்டம் காலியாகத்தானே கிடக்கிறது, அங்கே போய் நாலு குண்டு போட்டுப் பார்க்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். காலியாகக் கிடப்பதாக நீங்கள் நினைக்கும் நிலத்துக்குச் சொந்தக்காரர் இருக்கிறார். அங்கே இருக்கும் பறவைக்கும் அணிலுக்கும் 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. செம்பனையில் எலித் தொல்லை என்று சாக்குச் சொல்பவர்கள், தோட்டக்காரர்களே கூட்டுப் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள் என்பதை அறியாதவர்கள். இரவில் எலி பிடிக்க அதைவிடக் கெட்டி ஆள் இல்லை.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. வராந்தாவில் உட்கார்ந்து ஸ்கோப்பைக் கண்ணில் வைக்கும்போது எதிர்வீட்டுப் பக்கம் திருப்பாதீர்கள். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, "என்ன வாத்தியாரே, எங்களைத்தான் பார்க்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து என் சோதனை எல்லாம் பின்கட்டில். சூரியனைப் பார்க்கக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் சொல்லி வையுங்கள்.

முதலில் ஒரு கேள்வி: உங்களுக்கு ஸ்கோப் வேண்டுமா?

ஒலிம்பிக்கில் பார்க்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிதான் உங்கள் ஆசை என்றால் ஸ்கோப் வாங்காதீர்கள். அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமில்லை. பின்னால் சின்னத் துளை, முன்னால் ஒரு வளையம், அவ்வளவுதான் அவர்களுடைய குறிகாட்டி. 2010 டெல்லி காமன்வெல்த் போட்டியில் தங்கம் வாங்கிய நம் நூர் சூர்யானி, 2012-இல் எட்டு மாதக் கர்ப்பிணியாக லண்டன் ஒலிம்பிக்கில் நின்று சுட்டதும் அந்தத் துளை வழியாகத்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வென்றதும் அதன் வழியாகத்தான். அந்த அட்டையில் பத்துப் புள்ளிக்கான மையம் அரை மில்லிமீட்டர். அதை உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் அடிக்கிறார்கள்.

நகரும் குறியைச் சுடும் 10 மீட்டர் போட்டியில் நான்கு மடங்கு வரை ஸ்கோப் உண்டு. மைதானத்தில் பல தூரங்களில் தகடு வைத்துச் சுடும் ஃபீல்ட் டார்கெட் என்ற விளையாட்டில் ஸ்கோப்தான் எல்லாம். அதுவும் இல்லாமல், ஐம்பது தாண்டிய கண்ணுக்குத் துளைக் குறிகாட்டி சரிப்படவில்லை என்று ஸ்கோப்புக்கு வருபவர்களும் உண்டு. நான் அந்தக் கட்சி.

கையில் எடுத்ததும்

அந்த முதல் ஸ்கோப்புக்குப் பிறகு நான் வாங்கியதில் 3-9x32 ஏஓ என்று எழுதியிருந்தது. மூன்று முதல் ஒன்பது மடங்கு வரை பெருக்கும். முன்கண்ணாடியின் விட்டம் 32 மி.மீ.; ஏஓ என்றால் முன்பக்க வளையத்தைத் திருகித் தூரத்துக்கேற்பக் குவிக்கலாம். நீளம் ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் கூட. இந்தக் குட்டை வகையில் பெயர் பெற்றது லீப்பர்ஸ் நிறுவனத்தின் பக் பஸ்டர்; அது 3 கெஜத்திலிருந்தே குவியும். என் கையில் இருப்பது அது இல்லை. அதே உருவத்தில் வேறு பெயர்களில் வரும் பலவற்றில் ஒன்று. பெயர் சொல்லப் போவதில்லை. பெயரைச் சொன்னால் நீங்கள் பெயரைப் பார்த்து வாங்குவீர்கள். இங்கே சொல்வது பெயரைப் பார்க்காமல் வாங்கும் வழி.

குட்டை ஸ்கோப்பின் நல்ல குணம், குழாயை மடித்துக் குண்டு போடும் ரைபிளில் கைக்குக் குறுக்கே வராது. கெட்ட குணமும் அந்தக் குட்டையிலிருந்தே வருகிறது. ஒளியைக் குறுகிய இடத்துக்குள் மடக்கிக் கொண்டுவர வேண்டியிருப்பதால் பெருக்கத்தைக் கூட்டும்போது ஓரம் மங்கும். கண் இம்மி நகர்ந்தாலும் படம் கறுத்துவிடும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் அளவு கிடைக்கும். நான்கு மடங்கில் 8 மி.மீ., ஆறில் 5-க்குச் சற்று மேல், ஒன்பதில் மூன்றரை. நடுப்பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும் என்பதால் மூன்றரையே போதும். சாயங்காலம் ஆறரைக்கு மர நிழலில் கண் விரியும்போது போதாது. ஒன்பது மடங்கு என்பது பெட்டியில் போட்டு விற்பதற்கான எண் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிக்குள் கூடவே வரும் பிடிவளையங்களையும் பாருங்கள். ஏர் ரைபிளின் முதுகில் பெரும்பாலும் இருப்பது 11 மி.மீ. பள்ளம். பெட்டியில் வருவதோ பல நேரம் 21 மி.மீ. அகலப் பட்டைக்கான வளையம். இரண்டும் ஒன்றுக்கொன்று சேராது. சுடுதளத்துக்குப் போய் ஸ்கோப்பை ஒரு கையிலும் வளையத்தை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு விழித்தவர்களை எனக்குத் தெரியும். ஒருவரைக் கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன். வளையத்தின் உள்விட்டம் 25.4 மி.மீ.யா 30 மி.மீ.யா என்பதையும் ஸ்கோப்பின் குழாயோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பெருக்க வளையத்தையும் முன்வளையத்தையும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் திருப்புங்கள். இறுக்கமாக இருந்தால் குற்றமில்லை, நாளாவட்டத்தில் தளரும். ஓர் இடத்தில் இறுகி ஓர் இடத்தில் வழுக்கினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிறகு காதருகே வைத்து லேசாக ஆட்டுங்கள். உள்ளே எதுவும் பேசக்கூடாது.

நிரையில் நின்று பார்ப்பது

இனி பாரலாக்ஸ். பாடப் புத்தகத்தில் இடமாறு தோற்றம் என்பார்கள். தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இதை ஒரு நிமிடத்தில் புரியவைக்கலாம்.

பால்மர நிரைக்கு நடுவே நில்லுங்கள். முதல் மரத்தில் பால் பிடிக்கக் கட்டியிருக்கும் மங்கு, அதற்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது மரத்தின் வெட்டுக்கு நேராகத் தெரிகிறது. தலையைக் கொஞ்சம் இடப்பக்கம் சாயுங்கள். மங்கு வலப்பக்கம் விலகிப் போகும். மங்கும் நகரவில்லை, மரமும் நகரவில்லை; நகர்ந்தது உங்கள் கண். இப்போது அதே மங்கை இரண்டாவது மரத்திலேயே கட்டிவிட்டால்? தலையை எப்படிச் சாய்த்தாலும் மங்கு வெட்டை விட்டு விலகாது. ஸ்கோப்புக்குள் இருக்கும் குறுக்குக்கோடு ஒரு மங்கு. குறி இரண்டாவது மரம். இரண்டையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து கட்டும் கயிறுதான் முன்வளையம்.

அந்த வளையம் இல்லாத ஸ்கோப்புகளில் இந்த முடிச்சைத் தொழிற்சாலையிலேயே போட்டுவிடுகிறார்கள். பெரிய துப்பாக்கிகளுக்கானதில் வழக்கமாக 100 கெஜத்துக்கு, அதாவது 91 மீட்டருக்கு. அப்படி ஒரு 32 மி.மீ. ஸ்கோப்பை வைத்துப் பத்து மீட்டர் அட்டையைப் பார்த்தால், கண் நடுவிலிருந்து ஓரத்துக்கு விலகும்போது குறி அதிகபட்சம் 14 மி.மீ. வரை தப்பும். முன்கண்ணாடியின் பாதி 16 மி.மீ.; அதை 81-ஆல் பெருக்கி 91-ஆல் வகுத்தால் வரும் கணக்கு அது. போட்டி அட்டையில் கறுப்பு வட்டம் முழுவதுமே 30.5 மி.மீ. விட்டம்தான். கையும் மூச்சும் சரியாக இருந்து, கன்னம் வைத்த இடம் மட்டும் மாறினால் குண்டு மையத்திலிருந்து கறுப்பின் ஓரம் வரை ஓடிவிடும். "ரைபிள் சரியில்லை அண்ணே" என்று சுடுதளத்தில் கேட்கும் புலம்பலில் பாதி இதுதான். ஏர் ரைபிளுக்கு ஏஓ இல்லாத ஸ்கோப்பை இலவசமாகக் கொடுத்தாலும் யோசித்து வாங்குங்கள்.

சோதனை எளிது. பின்கட்டில் நாடாவால் சரியாகப் பத்து மீட்டர் அளந்து, சுவரில் ஒரு பழைய நாள்காட்டித் தாளை ஒட்டுங்கள். ஒரு பலகைத் துண்டில் இரண்டு இடத்தில் 'வி' வடிவில் வெட்டி, அதில் ஸ்கோப்பைப் படுக்கவைத்து, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பரால் கட்டி, பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மணல் நிரப்பிய காலுறையை அடியில் அணை கொடுக்கலாம். (புந்தோங்கில் மணலைவிடக் கச்சாங் பூத்தே சுலபமாகக் கிடைக்கும். ஒருமுறை அதை நிரப்பி வைத்தேன். மறுநாள் காலையில் எலி தின்ற காலுறைதான் மிச்சம்.) முதலில் கண்பக்க வளையத்தைத் திருகிக் குறுக்குக்கோட்டை உங்கள் கண்ணுக்குக் கூர்மையாக்குங்கள். வெறும் சுவரையோ வானத்தையோ பார்த்தபடி இதைச் செய்ய வேண்டும். பிறகு முன்வளையத்தைத் திருகி நாள்காட்டியின் எழுத்தைக் கூர்மையாக்குங்கள். இப்போது ஸ்கோப்பைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும், இடமும் வலமும் அசையுங்கள். குறுக்குக்கோடு தேதியின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றால் நல்லது. நழுவினால் முன்வளையத்தை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, நழுவல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள்.

அந்த இடத்தில் வளையத்தில் என்ன எண் இருக்கிறது என்று அதற்குப் பிறகு பாருங்கள். என்னுடையதில் 10 மீட்டருக்குக் காட்டிய எண் 15. கெஜமும் மீட்டரும் வேறு என்பதால் வந்த வித்தியாசம் இது இல்லை. 10 மீட்டர் ஏறக்குறைய 11 கெஜம்தான். எண்ணை அச்சடித்தவர் இந்த ஸ்கோப்பை அளந்து அச்சடிக்கவில்லை, அவ்வளவுதான். இதை ஒரு குறையாக நான் எண்ணுவதில்லை. வெள்ளை டேப்பைச் சுற்றி ஒட்டி 10, 15, 20, 25, 30 என்று நானே மீட்டரில் எழுதிக்கொண்டேன். வீட்டில் 30 மீட்டர் இடமில்லை. பக்கத்துப் பள்ளித் திடலில் விடுமுறை நாளில் அனுமதி கேட்டு அளந்தேன்.

திருகு பொய் சொல்கிறதா?

ஸ்கோப்பின் மேலே ஒரு குமிழ், வலப்பக்கம் ஒரு குமிழ். மூடியைக் கழற்றினால் உள்ளே எண்கள் இருக்கும். ¼ என்று பொறித்திருக்கும். ஒரு க்ளிக் திருகினால் கால் 'எம்ஓஏ', அதாவது 100 மீட்டரில் சுமார் 7 மி.மீ., பத்து மீட்டரில் முக்கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. பெட்டி அப்படிச் சொல்கிறது. உண்மையா என்று பார்க்க ஒரு குண்டுகூடச் செலவழிக்க வேண்டாம்.

நாற்பது க்ளிக் என்றால் 10 எம்ஓஏ. பத்து மீட்டர் தூரத்தில் அது 29 மி.மீ. ஒரு வெள்ளைத் தாளில் 29 மி.மீ. பக்கமுள்ள சதுரம் ஒன்றை மெல்லிய பேனாவால் வரைந்து, நாள்காட்டி இருந்த இடத்தில் ஒட்டுங்கள். கிளாம்பில் இறுகியிருக்கும் ஸ்கோப்பைப் பலகையோடு நகர்த்தி, குறுக்குக்கோட்டை ஒரு மூலையில் கொண்டுவந்து நிறுத்துங்கள். இனி பலகையைத் தொடக்கூடாது. மேல் குமிழை நாற்பது க்ளிக், பக்கக் குமிழை நாற்பது, மேல் குமிழைத் திருப்பி நாற்பது, பக்கக் குமிழைத் திருப்பி நாற்பது. குறுக்குக்கோடு சதுரத்தின் நான்கு மூலைக்கும் போய், புறப்பட்ட மூலைக்கே வர வேண்டும். தேர் நான்கு வீதியும் சுற்றி நிலைக்கு வருவதைப் போல.

என் ஸ்கோப் மேலே 27 மி.மீ.தான் போனது, பக்கவாட்டில் 26. சதுரம் கொஞ்சம் சின்னது. அது எனக்குக் கவலை தரவில்லை. குறைவாக நகர்ந்தாலும் ஒவ்வொரு முறையும் அதே அளவு நகர்ந்தால் போதும், மனிதன் பழகிக்கொள்வான். கவலை தந்தது வேறொன்று. பக்கக் குமிழைத் திசை மாற்றித் திருப்பியபோது முதல் மூன்று க்ளிக்கில் எதுவும் நடக்கவில்லை. நான்காவது க்ளிக்கில் நான்குக்கும் சேர்த்து ஒரே தாவல். உள்ளே குழாயைத் தள்ளிப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் சோம்பேறி என்று அர்த்தம். மலிவு ஸ்கோப்பில் இது சகஜம். பழைய கை ஒன்று சொல்லிக் கொடுத்த மருந்து: எந்தப் பக்கம் திருப்பினாலும் தேவையைவிட ஐந்து க்ளிக் கூடப் போய், பிறகு ஐந்து திரும்பி வாருங்கள், விரல் நகத்தால் குமிழின் தலையில் இரண்டு தட்டு. இந்த மருந்துக்கும் மசியாத திருகு என்றால் ஸ்கோப் கடைக்குத் திரும்ப வேண்டியதுதான். இந்தச் சோதனையை மூன்று முறை செய்யுங்கள். மூன்று முறையும் நிலைக்கு வந்தால் பாதி வெற்றி.

குறுக்குக்கோடு நடுவில் இருக்கிறதா என்பதற்கும் அதே 'வி' பலகை போதும். ரப்பரை அவிழ்த்துவிட்டு, ஸ்கோப்பைப் பள்ளத்திலேயே மெதுவாக உருட்டுங்கள். குறுக்குக்கோடு சுவரில் வட்டம் போடும். வட்டம் சுருங்கிப் புள்ளியாகும் வரை இரண்டு குமிழ்களையும் திருத்துங்கள். அதுவே ஸ்கோப்பின் நடு. அங்கிருந்து புறப்பட்டால் திருகுக்கு எல்லாப் பக்கமும் இடம் மிச்சமிருக்கும். முகக் கண்ணாடியில் முன்பக்கத்தை ஒட்டிவைத்துப் பார்க்கும் முறையும் ஒன்று உண்டு. எனக்கு அது கண்ணைப் பூத்துப்போக வைக்கிறது.

வண்ண விளக்குப் பற்றி ஒரு வரி: குறுக்குக்கோடு சிவப்பிலும் பச்சையிலும் எரியும், பட்டன் பேட்டரி தீரும், பகலில் தெரியாது. புள்ளிக்கோடு பற்றி இன்னும் சில வரி: கோட்டில் இருக்கும் மில்-டாட் புள்ளிகள் பத்து மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி காட்ட வேண்டும். ஆனால் இந்த வகை ஸ்கோப்பில் பெருக்கத்தை மாற்றினால் அந்த இடைவெளி மாறிவிடும். ஏதோ ஒரு பெருக்கத்தில் மட்டுமே அது சரி. சுவரில் ஒரு அளவுகோலை ஒட்டி அந்தப் பெருக்கம் எது என்று கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஈரம்

ஐரோப்பாவில் எழுதும் வழிகாட்டிகள் பனியைப் பற்றிப் பேசும். ஈப்போவில் எதிரி பூஞ்சை. பிற்பகல் மழை, இரவெல்லாம் ஈரக்காற்று, அலமாரிக்குள் தோல் பெல்ட்டே வெண்மை பூக்கும் ஊர் இது. உள்ளே நைட்ரஜன் அடைத்திருக்கிறது என்று பெட்டியில் இருக்கும். அது உண்மையானால் உள்ளே ஈரம் இருக்காது. சோதிக்க, ஸ்கோப்பை நெகிழிப் பையில் கட்டி, குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் ஒரு மணி நேரம் வையுங்கள். எடுத்ததும் வெளிக்கண்ணாடி வேர்க்கும், அது இயற்கை. துடைத்துவிட்டுப் பாருங்கள். துடைத்த பிறகும் உள்ளே மங்கல் படிந்திருந்தால் அடைப்பு ஒழுகுகிறது. அந்த ஸ்கோப்புக்கு நம் ஊரில் ஆயுள் குறைவு.

காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் வாணலியில் இளஞ்சூட்டில் வாட்டி மறுபடி போடலாம். அரிசியில் புதைத்து வைக்கும் பழக்கத்தை விடுங்கள். அரிசித் தூசி திருகுக்குள் போனால் பிறகு எறும்பும் கூடவே வரும்.

சுடுதளத்தில், கடைசியில்

வராந்தாவில் தேறிய ஸ்கோப்பை ஸ்பிரிங் ரைபிள் கொன்றுவிடலாம். என் முதல் ஸ்கோப்பின் கதை அப்படித்தான் முடிந்தது. நூறு குண்டுக்குள் குறுக்குக்கோடு சாய்ந்து, பெருக்கல் குறியாகிவிட்டது. காரணம் ஸ்பிரிங் ரைபிளின் உதை. வெடிமருந்துத் துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும். ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் முன்னால் பாயும்போது ரைபிள் பின்னால் வரும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது ரைபிள் முன்னால் வெட்டித் தாவும். கண்மூடித் திறப்பதற்குள் இரண்டு உதை. பின்னுதைக்கு மட்டும் அணைகொடுத்துச் செய்த ஸ்கோப் இந்த முன்தாவலில் உதிர்ந்துவிடும். வாங்கும்போது "ஸ்பிரிங் ரைபிளுக்குத் தாங்குமா?" என்று எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காற்றை முன்பே அடைத்து வைத்துச் சுடும் பிசிபி ரைபிளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அதே உதையில் ஸ்கோப் வளையத்தோடு பின்னால் நகர்ந்து வரும். ரைபிளின் முதுகில் சின்னத் துளை இருந்தால், அடியில் முள் உள்ள வளையத்தை அதில் பொருத்துங்கள். துளை இல்லாவிட்டால் பின்னால் தடுப்புக்கட்டை ஒன்று போட வேண்டும். வளையத்தை இறுக்கிய பிறகு திருகாணித் தலையிலிருந்து வளையம் வரைக்கும், வளையத்திலிருந்து ரைபிள் வரைக்கும் நகப்பூச்சால் மெல்லிய கோடு இழுத்து வையுங்கள். கோடு முறிந்தால் ஏதோ நகர்ந்திருக்கிறது. பலம் இருக்கிறதே என்று முறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நசுங்கும். என் அப்பா பால்மரம் வெட்டியவர். கத்திக்கும் மரத்தின் உயிர்த்தோலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் விட்டு நிறுத்தும் கை அது. அதற்கு மேல் கத்தி இறங்கினால் மரம் காயப்பட்டு முண்டு முண்டாகத் தேறும். திருகாணியைப் பிடிக்கும்போது அந்தக் கையை நினைத்துக்கொள்வேன்.

சுடும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரிவு அடுத்த அத்தியாயத்தில் வருகிறது. பத்து மீட்டரில் தொடங்குங்கள். முதல் இருபது குண்டுகளைக் கணக்கில் எடுக்காதீர்கள், எல்லாம் தன் இடத்தில் உட்காரட்டும். பிறகு ஐந்து குண்டு ஒரே குறியில். அந்த ஐந்தின் நடுவைப் பார்த்துத் திருகைத் திருத்துங்கள்; ஒரு குண்டைப் பார்த்துத் திருத்தாதீர்கள். ஸ்கோப் குழாய்க்கு மேலே நாலைந்து சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதால் குண்டு கீழிருந்து ஏறிப் பார்வைக்கோட்டை ஒருமுறை கடக்கும், பிறகு விழும்போது இன்னொரு முறை கடக்கும். 25 மீட்டரில் சரிசெய்த ரைபிள் பத்து மீட்டரில் கொஞ்சம் கீழே அடிப்பது அதனால்தான். பயந்து மறுபடி திருகைத் தொடாதீர்கள்.

என் ஸ்கோப்பை ஆறு மடங்கிலேயே நிறுத்தி, பெருக்க வளையத்தின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டேன். ஒன்பதில் பத்து மீட்டர் அட்டை ஓரமெல்லாம் குழைந்து தெரிகிறது, கன்னம் கொஞ்சம் நகர்ந்தாலும் இருட்டு. ஆறில் அட்டையின் வட்டக் கோடுகள் பிரிந்து தெரிகின்றன, முந்தைய குண்டு போட்ட துளையும் தெரிகிறது. அதற்கு மேல் பத்து மீட்டரில் எனக்கு எதுவும் வேண்டாம். 189 வெள்ளி கொடுத்தேன். ஆறு மடங்கு ஸ்கோப் என்று நினைத்து வாங்கினால் காசுக்கு மோசமில்லை; ஒன்பது மடங்கு என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான். சங்கத்து ஸ்பிரிங் ரைபிளில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் 300 குண்டு போட்ட பிறகு நகப்பூச்சுக் கோடு முறியவில்லை. ஐந்து குண்டின் நடு மேல்கீழாக நகரவில்லை, இடப்பக்கம் இரண்டு க்ளிக் மட்டும் நகர்ந்திருந்தது.